மழையின் மீது போடப்படும் பழி

அன்புள்ள ஐயா,

காலநிலை மாற்றத்தின் அரசியல் பற்றிய தங்கள் கட்டுரையில், அமெரிக்க அரசுப் பணியிலிருந்து விலகி ஆவணங்களை வெளியிட்ட ரிக் பில்ட்ஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் தம்பி ஒரு தோட்டக் கந்தோரில் கிளாக்கர். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள சரிவு ஆபத்தானது, குடும்பங்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிக்கை அங்கே கோப்பில் கிடப்பதை அவன் கண்டிருக்கிறான். கேட்டால், "உலகமெங்கும் காலநிலை மாறிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். அந்த அறிக்கையை அவன் வெளியே கொடுத்தால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். வொஷிங்டன்காரரின் துணிச்சலால் எங்களுக்கு என்ன பயன்?

வாசகர், ஹப்புத்தளை

அன்புள்ள சகோதரருக்கு,

2005இல் பில்ட்ஸ் வெளியே கொண்டுவந்தவற்றில் புதிய விஞ்ஞானம் எதுவும் இருக்கவில்லை. பூமி சூடாகிறது என்பதை நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1988இலேயே அமெரிக்க செனட் குழுவின் முன் சொல்லிவிட்டார். பில்ட்ஸ் காட்டியது, விஞ்ஞானிகளின் அறிக்கை வரைவுகளில் பேனாவால் செய்யப்பட்டிருந்த திருத்தங்களை. மலைப் பனிப்பாறைகள் குறையும் என்று சொன்ன பத்தி ஒன்று அடிக்கப்பட்டு, இது ஊகத்தின் பாற்பட்டது என்ற பொருளில் ஓரக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. திருத்தியவர் பிலிப் கூனி என்ற வெள்ளை மாளிகை அதிகாரி. அதற்கு முன் எண்ணெய்க் கம்பனிகளின் சங்கத்தில் பணியாற்றிய சட்டத்தரணி. செய்தி வெளியான சில நாட்களில் பதவி விலகி எக்ஸான்மொபில் என்ற எண்ணெய்க் கம்பனியில் சேர்ந்துகொண்டார்.

அங்கே காலநிலை மாற்றத்தை மறைத்தார்கள். நம் மலையகத்தில் காலநிலை மாற்றத்தைக் காட்டி வேறொன்றை மறைக்கிறார்கள். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மழை விழும் சரிவில் யாருடைய லயம் இருக்கிறது, அங்கிருந்து போக அவர்களுக்கு வேறு காணி கொடுக்கப்பட்டதா என்பவற்றை வானம் தீர்மானிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தான் வாழும் காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) உரித்தில்லாத, போவதற்கு ஒரு பேர்ச்சஸ் நிலமும் இல்லாத குடும்பத்திடம் "வெளியேறுங்கள்" என்று சொல்வதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதியவர்களே அந்த எச்சரிக்கையைப் பயனற்றதாக்கினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்த பிறகும், இயற்கையின் சீற்றம் என்ற ஒரே சொல்லால் எல்லாக் கேள்விகளையும் மூடப் பார்க்கிறவர்களைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இனி உங்கள் தம்பியின் விடயம். பில்ட்ஸுக்குப் பின்னால் சட்டத்தரணிகளைக் கொண்ட ஓர் அமைப்பு நின்றது. நாசாவின் ஊடகப் பிரிவு தன்னை மௌனமாக்கப் பார்க்கிறது என்று 2006இல் பகிரங்கமாகச் சொன்ன ஹான்சனுக்கு உலகப் புகழே காவலாக இருந்தது. தோட்டத்துக் கிளாக்கருக்கு இரண்டும் இல்லை. நமது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படி வெளியிடத்தக்க தகவலை வெளியிட்டதற்காகப் பகிரங்க அதிகாரசபையின் (அரசு நிறுவனம் போன்றவற்றின்) ஊழியரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. தனியார் கம்பனியின் சம்பளத்தில் இருப்பவரை அந்தப் பிரிவு காப்பாற்றும் என்று நம்பி அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவதை நான் விரும்பவில்லை.

அதற்குத் தேவையும் இல்லை. அந்த அறிக்கையை எழுதியது அரசு நிறுவனம். ஆகவே அதை அந்த நிறுவனத்திடமே கேட்கலாம், பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவரின் உயிரோடு தொடர்புபட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலங்களில் பதில் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எனவே கொழும்பிலிருந்து நானோ ஒரு நிறுவனமோ கேட்பதைவிட, அந்தச் சரிவின் கீழ் உறங்குகிறவர்களே கேட்பது பலமானது. ஒரு காம்பராவுக்கு ஒரு விண்ணப்பம் என்று போகட்டும். எழுத இயலாத அம்மா வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். இருபது பேர் கேட்ட தாளை எந்தக் கிளாக்கர் கொடுத்தார் என்று தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

ஒன்றை மட்டும் அவர் இன்றே செய்யலாம். கந்தோருக்கு முன்னால் உள்ள மழைமானியின் நீரைக் காலையில் அளவுக்குழாயில் ஊற்றிப் புத்தகத்தில் பதிகிறார்கள் அல்லவா, அந்த எண்ணை லயத்துக்குச் சொல்லட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனமே பகிரங்கமாகச் சொல்லும் அளவு. பெய்த மழை எந்தக் கம்பனிக்கும் இரகசியம் ஆகாது. சுவரில் வெடிப்பு விரிந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, புதிய இடத்தில் நீர் கசிந்தாலோ அந்த எண்ணுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளோடு இறங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தை ஒப்படைத்ததும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீட்டைச் சேர்ந்து எழுதுவோம்.