பகுதிநேர ஆசிரியர்கள் ஏன் அரசுப் பள்ளியை விட்டுப் போகிறார்கள்? சம்பளம் மட்டும்தான் காரணமா?

சம்பளம் பாதிக் காரணம்தான். மீதி, அந்த வேலையை அரசு எப்படி வகுத்தது என்பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2012-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் ஓவியம், தையல், இசை, கணினி, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2024-ல் 12,500 ஆனது. ஏற்றியும், விலகியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து நாலாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள்.

நிரந்தர வேலை அல்ல, திட்டப் பணி என்பதால் வருஷா வருஷம் ஏறும் காலமுறை ஊதியம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. பல வருஷம் மே மாதச் சம்பளமும் தரவில்லை. இதுதான் ஆளை உடைத்தது. எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் மே வந்தால் ஏணியும் பெயின்ட் டப்பாவுமாகக் கடைகளுக்குப் போர்டு எழுதக் கிளம்பிவிடுவார். ஜூனில் பள்ளி திறக்கும்போது விரலிடுக்கில் எனாமல் காய்ந்திருக்கும். ஒரு ஜூனில் அவர் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளும் போடவில்லை. ஓவிய நோட்டு வாங்கிய பிள்ளைகள் அதில் கணக்குப் போட்டார்கள்.

ஆயிரம் இரண்டாயிரம் கூட்டுவதைவிட, அடுத்த வருஷமும் இங்கேதான் என்ற உறுதிதான் ஒருவரை நிறுத்தும் என்பது என் கருத்து. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் சென்னை டிபிஐ வளாகத்தில் திரும்பத் திரும்ப வந்து உட்காருவதும் அதற்காகத்தான்.