பூண்டு மணக்குற ஊர்

கேள்வி: துருக்கின்னாலே இஸ்தான்புல் பத்திதான் எழுதுறீங்க. விவசாயத்தை நம்பி இருக்கிற சின்ன ஊர் ஏதாவது சொல்லுங்க சார்.

பதில்: தாஷ்கோப்ரு போங்க. கருங்கடல் பக்கத்துல கஸ்தமோனு மாகாணத்துல, கோக்கிர்மாக் ஆத்தங்கரையில இருக்கு. ரோமானிய தளபதி பாம்பே, கருங்கடல் கரையில இருந்த பாண்டஸ் நாட்டு மித்ரிடேட்டஸ் ராஜாவை ஜெயிச்ச கையோட கி.மு. 64 வாக்குல இங்க பாம்பியோபோலிஸ்னு தன் பேர்லயே ஒரு நகரத்தை உருவாக்கிட்டார் (தளபதிங்களுக்கு இந்த ஆசை எப்பவும் உண்டுங்க!). அது இப்போ ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு அடியில கிடக்கு, 2006-ல இருந்து தோண்டிட்டு இருக்காங்க. அப்புறம் சந்தாரோக்லுங்கிற துருக்கி வம்சம் ஆண்ட இந்த ஊர், 1461-ல ஓட்டோமான் கைக்குப் போயிடுச்சு.

ஆனா இன்னிக்கு ஊருக்குப் பேரு பூண்டாலதான். பனி விட்டதும் பல்லு பல்லா பிரிச்சு ஊனுவாங்க, களை எடுக்க குடும்பமே வயல்ல குனிஞ்சு கிடக்கும், ஜூலை ஆகஸ்ட்ல பிடுங்கி வெயில்ல காயவெச்சு, தாளோட சேர்த்து ஜடை மாதிரி பின்னி கட்டுக்கட்டா சந்தைக்கு வரும். வெள்ளைப் பூண்டு, காரம் ஜாஸ்தி, ரொம்ப நாள் கெடாம இருக்கும்னு துருக்கி முழுக்க கேட்டு வாங்குறாங்க. பூண்டுக்குன்னே திருவிழா வேற நடத்துறாங்க!

முன்னாடி கயிறு திரிக்க நாருக்காக கஞ்சாச் செடியும் நிறைய போட்டாங்க, சிரிக்காதீங்க, நார் மட்டும்தான். ஆட்டுக்கறி சாப்பிடுறவங்கன்னா குழிக்குள்ள தொங்கவிட்டு வேகவைக்கிற குயு கெபாபை விட்டுடாதீங்க.