டேப் ஓடாவிட்டால் என்ன, லென்ஸ் நன்றாக இருக்கிறதே!

வாசகர் கேள்வி – பதில்: பழைய வீடியோ கேமராவில் நேரலை

கேள்வி: அப்பா கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய சோனி பிடி 170 கேமரா வீட்டில் கிடக்கிறது. கேசட் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஓடுவதில்லை. ஆனால் ஆன் செய்தால் திரையில் படம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் பாய்மரப் படகுப் போட்டி உண்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பையன்கள் லைவ் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். போனில் எடுத்தால் படகு வெறும் புள்ளி. லேப்டாப்பில் விண்டோஸ் 11, நேரலை போடும் ஓபிஎஸ் மென்பொருளும் போட்டு வைத்திருக்கிறேன். கேமராவில் டிஜிட்டலாகப் படம் அனுப்பும் ஃபயர்வயர் சாக்கெட் இருக்கிறதே என்று ஃபயர்வயர்–யூஎஸ்பி கேபிள் ஒன்று ஆன்லைனில் வாங்கி மாட்டினேன், ஒன்றுமே வரவில்லை. கேமரா பழுதா, கேபிள் பழுதா?
– வாசகர், தொண்டி

பதில்: கேமரா பழுதில்லை தம்பி. அந்தக் கேபிள்தான் எந்தக் கேமராவிலும் வேலை செய்யாது. ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசும் முறையே வேறு, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். நீங்கள் வாங்கியதில் இரண்டு முனைக்கும் நடுவே வெறும் கம்பிதான் இருக்கும். அதை இனி மாட்டவே வேண்டாம், கேமராவின் அந்த போர்ட் கெட்டுப்போக வழி உண்டு.

டேப் ஓடாததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். நேரலைக்கு டேப் தேவையே இல்லை. லென்ஸ், அதன் பின்னால் படத்தைப் பிடிக்கும் 3 சிசிடி சென்சார், வெளியே படத்தை அனுப்பும் சாக்கெட், இந்த மூன்றும் உயிரோடு இருந்தால் போதும். பிடி 170 லென்ஸில் 12 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது, கடலில் தூரத்தில் போகும் வத்தைப் படகை இழுத்துக் காட்ட அதைவிட வேறு என்ன வேண்டும்? டேப் மெக்கானிசம் போய்விட்டது என்று இந்த மாதிரி கேமராவை எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

லேப்டாப்புக்குப் படத்தைக் கொண்டுவர இரண்டு வழி. ஃபயர்வயர் வழியில் டிஜிட்டலாகவே, நொடிக்கு 25 மெகாபிட் வீதம், தரம் குறையாமல் வரும். அதற்கு டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட வேண்டும் (டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்), கேமரா பக்கம் 4 பின், கார்டு பக்கம் 6 பின் உள்ள கேபிள் வேண்டும், புது விண்டோஸில் பழைய டிரைவரைத் தனியாகப் போட வேண்டியும் வரலாம். ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு அது சரி. கடற்கரையில் பந்தலுக்குக் கீழே லேப்டாப்போடு நிற்கப் போகிற உங்களுக்கு அது வேலைக்கு ஆகாது.

நீங்கள் எஸ்-வீடியோ வழியில் போங்கள். கேமராவின் எஸ்-வீடியோ அவுட்டிலிருந்து ஒரு கேபிள், அதை வாங்கிக்கொள்ள ஈஸிகேப் என்று கடையில் சொல்லும் சின்ன யூஎஸ்பி கேப்சர் கருவி, அவ்வளவுதான். மஞ்சள் பின் ஏவி கேபிளிலும் படம் வரும், ஆனால் அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் ஓரங்களில் புள்ளி புள்ளியாக ஊரும். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன, வெள்ளைப் பாயின் விளிம்பு சுத்தமாக நிற்கும்.

மாட்டியவுடன் ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் டிவைஸ் சேர்த்துப் பார்த்தால் அநேகமாகக் கறுப்புத் திரையோ, கறுப்பு வெள்ளையாக உருளும் படமோதான் வரும். பயப்பட வேண்டாம். அந்த சோர்ஸின் பிராப்பர்ட்டீஸில் கான்ஃபிகர் கிராஸ்பார் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் உள்ளீட்டை எஸ்-வீடியோ என்று மாற்றுங்கள். அப்புறம் கான்ஃபிகர் வீடியோவில் வீடியோ டிகோடர் பக்கத்துக்குப் போய் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருப்பதை பால்-பி (PAL-B, நம்ம ஊர் டிவி முறை) ஆக்குங்கள். நம்ம ஊர்க் கேமரா பால் முறை: 720க்கு 576, நொடிக்கு 25 படம். ஓபிஎஸ் செட்டிங்ஸில் வீடியோ பக்கத்திலும் 30 என்று இருப்பதை 25 பால் என்றே வையுங்கள். 30இல் விட்டால் படகு நழுவிப் போகாமல் தத்தித் தத்திப் போகும்.

படம் வந்துவிட்டது, ஆனால் கேமராவைத் திருப்பும்போது பாய்மரத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரிகிறதா? இந்தக் கேமராக்கள் ஒரு படத்தை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக, நொடியில் 50 பாதிகளாக எடுக்கின்றன. பழைய குழாய் டிவியில் அது தெரியாது, போன் திரையில் அப்பட்டமாகத் தெரியும். சோர்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்புக்குத் தெம்பு இருந்தால் யாடிஃப் 2எக்ஸ் போட்டு ஓபிஎஸ்ஸை 50 பாலில் ஓட்டலாம், படகு வழுக்கிக்கொண்டு போகும். 2எக்ஸில் படகு முன்னே போய்ப் பின்னே வருவது போல அதிர்ந்தால் அதே மெனுவில் டாப் ஃபீல்டு, பாட்டம் ஃபீல்டு இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

கேமரா மெனுவிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. டிஸ்ப்ளே என்பதை எல்சிடி மட்டும் என்று வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி அளவும் டைம் கோடும் நேரலையில் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேசட் உள்ளே இருந்து பதிவு ஓடாமல் நின்றால், டேப்பைக் காப்பாற்ற ஒரு 5 நிமிடத்தில் கேமரா தானாக அணைந்துவிடும். அதனால் கேசட் உள்ளே மாட்டிக் கிடந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கேசட் இல்லாவிட்டால் அணையாது. ஆனால் சோனியின் பல மாடல்களில் கேசட் இல்லாமல் 10 நிமிடம் சும்மா இருந்தால் டெமோ மோடு ஓட ஆரம்பித்துவிடும், போட்டி முடிகிற நேரத்தில் அது வந்தால் ஊரே உங்களைத் தேடும். மெனுவில் டெமோ மோடு இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். பேட்டரியை நம்ப வேண்டாம், அடாப்டரில் ஓட்டுங்கள். ஜெனரேட்டர் கரண்ட் என்றால் நடுவில் ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

இனிதான் முக்கியமான விஷயம். உங்கள் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் போட்டி என்றால் சூரியன் நேர் எதிரே, தண்ணீர் தகடாக மின்னும். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மின்னலைப் பார்த்துத் தன்னைச் சுருக்கிக்கொண்டு படகையும் ஆளையும் நிழலாக்கிவிடும். கேமரா உடம்பிலேயே என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) சுவிட்ச் இருக்கிறது, எல்சிடியில் என்டி 1 அல்லது என்டி 2 என்று மினுக்கினால் அதன்படி மாற்றுங்கள். பிறகு பாயின் மேல் ஜூம் செய்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஃபோகஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். முன்னால் யாராவது துண்டை ஆட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு படகை விட்டுவிடும், அலையைப் பார்த்தாலும் தடுமாறும். ஃபோகஸ் சுவிட்சில் முடிவிலிக்கு (இன்ஃபினிட்டி, வெகு தூரத்துக்கு) என்று ஒரு நிலை இருக்கிறது, தூரத்துப் படகுக்கு அதற்குத் தள்ளிவிட்டு மேனுவலிலேயே விட்டுவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது ஸ்டெடிஷாட்டை (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள். ஸ்டாண்டு நடுவில் ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. மேலே தென்னங்கீற்றோ குடையோ கட்டுங்கள், கறுப்பு உடம்பு வெயிலில் கொதித்துப் போகும்.

படம் 4க்கு 3 அளவில்தான் இருக்கும். அதை இழுத்து அகலமாக்கி ஆட்களைக் குண்டாக்காதீர்கள். இந்தக் கேமராவின் 16க்கு 9 மோடு மின்னணு வேலைதான், சென்சார் சதுரவாக்கில் இருப்பதால் நுணுக்கம் குறையும். ஓபிஎஸ் கான்வாஸை 1280க்கு 720 வைத்து நடுவில் 960க்கு 720 படத்தை நிறுத்துங்கள். இரண்டு ஓரத்திலும் கிடைக்கும் இடத்தில் போட்டியிடும் படகுகளின் பெயர், பாய் நிறம், எந்தச் சுற்று என்று எழுதிப் போட்டால் வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு அதுதான் பெரிய உதவி.

நெட்டுக்கு வருவோம். ஓபிஎஸ்ஸில் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) இந்தப் படத்துக்கு 2000 கேபிபிஎஸ் தாராளம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஓடும், அதனால் தினம் 2 ஜிபி பிளானில் மூன்று மணி நேரப் போட்டியை முடிக்க முடியாது, முன்கூட்டியே டேட்டா ஏற்றிக்கொள்ளுங்கள். அப்லோடு வேகம் குறைந்தது 4 எம்பிபிஎஸ் காட்ட வேண்டும். இதைத் திருவிழாவுக்கு முந்தின நாள் அதே இடத்தில் அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள், கூட்டம் சேர்ந்தால் இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். யூடியூபில் முதல் தடவை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், காலையில் போட்டியை வைத்துக்கொண்டு அன்றைக்குத் திறக்க முடியாது. ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கையும் சேர்த்து அழுத்துங்கள், அதுவும் எம்கேவி வடிவில். சாதாரண எம்பி4 என்றால் நடுவில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் போகலாம், எம்கேவியில் அதுவரை எடுத்தது தங்கும். டேப் ஓடாத குறை அதோடு தீர்ந்தது.

கேள்வி: கோயில் திருவிழாத் தேர்பவனியையும் பூசையையும் பழைய ஹேண்டிகேமில் லைவ் போடுகிறோம். ஒலியை மைக் செட் மிக்ஸரிலிருந்து எடுக்கிறோம். சாமியார் வாயசைக்கும் முன்னாலேயே சத்தம் வந்துவிடுகிறது, கூடவே உம்ம்ம் என்று ஓர் இரைச்சல். போன் நெட்டும் அடிக்கடி விட்டுப் போகிறது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, மூன்றுக்கும் மருந்து உண்டு. படம் கேப்சர் கருவிக்குள் புகுந்து வர நேரம் பிடிக்கிறது, ஒலி நேராக வந்துவிடுகிறது. ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்ஸரில் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ் திறந்து, மைக் இருக்கும் வரியில் சின்க் ஆஃப்செட்டில் மில்லிசெகண்டைக் கூட்டுங்கள். ஒருவரை மைக் முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொல்லுங்கள், அதைப் பதிவு செய்து பாருங்கள், 100இல் ஆரம்பித்துக் கை சேரும் கணமும் சத்தமும் பொருந்தும் வரை மாற்றுங்கள். ஒருமுறை கண்டுபிடித்த எண்ணை எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டிவைத்துவிடலாம், அதே கருவிகள் இருக்கும்வரை பெரிதாக மாறாது.

இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் லேப்டாப் சார்ஜர் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும் இருப்பதுதான். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அதுவேதான். இரண்டையும் ஒரே போர்டில் போடுங்கள், அப்போதும் இருந்தால் மைக் செட்காரரிடம் டிஐ பாக்ஸ் அல்லது கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி) கேளுங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள், உப்புக் காற்றும் ஈர மணலும் இருக்கிற ஊரில் அது உயிரோடு விளையாடுவது.

நெட் விட்டுப் போவதற்கு உங்கள் ராமேஸ்வரம் தீவில் ஒரு கூடுதல் காரணம் இருக்கலாம். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாமல் உங்கள் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள், ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கேசட் கேமரா இல்லை, மெமரி கார்டு ஹேண்டிகேம். எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கிறது. அதற்கும் ஈஸிகேப் வேண்டுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டாம். எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு ஒன்று வாங்குங்கள், சின்ன பென் டிரைவ் மாதிரியே வரும். கேமராப் பக்கம் மினி எச்டிஎம்ஐயா, மைக்ரோவா என்று சாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள், ஆளுக்கு ஆள் இதில்தான் இரண்டு தடவை கடைக்கு அலைகிறார்கள். மெனுவில் மேலே சொன்ன டிஸ்ப்ளே அவுட், தானாக அணையும் பவர் சேவ், இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பீரோவில் பல வருஷமாகக் கிடந்த கேமராவை எடுத்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, பேட்டரி மாட்டும் இடத்தில் பச்சையாக இருக்கிறது. ஆன் செய்யலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: உடனே ஆன் செய்ய வேண்டாம். லென்ஸில் இருப்பது பூஞ்சை, உள்ளே இருப்பதை நீங்கள் துடைக்க முடியாது, லென்ஸ் திறந்து பழக்கமுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் அவ்வளவாகத் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் படம் வெளிறும். பச்சை என்பது செம்புத் தகடு உப்புக் காற்றில் பூத்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முதலில் அடாப்டரில் போட்டுப் பாருங்கள். திரையில் சி:21 என்று வந்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம், கேசட் மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட்டமான நிழலில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இனிமேல் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும்.