ஐ-140 மனு: பொறியியல் ஆராய்ச்சியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் வக்கீல் இல்லை. எஃகுப் பாலங்களில் விரிசல் எப்படி வளர்கிறது என்று ஆராய்பவன். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) வழிவிடும் ஐ-140 மனுவை நானே தயாரித்துப் போட்டவன், இப்போது தெரிந்தவர்களின் மனுக்களையும் படித்துக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

அண்ணா, ஓஹையோவில் மெக்கானிக்கலில் பிஎச்டி முடிக்கப் போகிறேன். என்ஐடபிள்யூ போட எத்தனை சைட்டேஷன் இருந்தால் போதும்?

அப்படி ஒரு எண் சட்டத்தில் கிடையாது தம்பி. என்ஐடபிள்யூ (நேஷனல் இன்டரஸ்ட் வெய்வர்) என்பது ஈபி-2 பிரிவில், அதாவது மேற்படிப்பு படித்தவர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவில், நீங்களே போட்டுக்கொள்ளும் மனு. நாட்டு நலன் கருதி, வேலை தரும் நிறுவனமும், அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்ற லேபர் சர்டிஃபிகேஷனும் இல்லாமலே என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறீர்கள். 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பை வைத்துத்தான் அதை எடைபோடுகிறார்கள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேசிய அளவில் முக்கியத்துவமும் உண்டா? அதைச் செய்து முடிக்கிற நிலையில் இருக்கிறீர்களா? நிபந்தனையைத் தளர்த்தினால் மொத்தத்தில் அமெரிக்காவுக்கு நன்மையா? சைட்டேஷன், அதாவது உங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, முக்கியமாக இரண்டாவது கேள்விக்குத்தான் உதவும். முதல் கேள்வியில் தடுமாறினால் ஆயிரம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்துவிடுங்கள். மனுதாரர் ஹைப்பர்சோனிக் உந்துவிசை ஆராய்ச்சியில் இருந்த பொறியாளர். ஆராய்ச்சிக்கு தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அவர் வகுப்பு எடுப்பதையும் சேர்த்திருந்தார். பாடம் நடத்துவது நல்ல காரியம்தான், ஆனால் அதன் பலன் அவருடைய மாணவர்களைத் தாண்டிப் போகிறது என்று காட்டவில்லை என ஒதுக்கிவிட்டார்கள். நாசா, விமானப்படை ஆய்வகம் போன்ற இடங்களிலிருந்து வந்த ஆராய்ச்சி நிதியில் அவருடைய பங்கு நேரடியாகத் தெரிந்தது. அது கைகொடுத்தது. அதற்கு முந்தைய அளவுகோலான 1998 தீர்ப்பு ஒரு பாலப் பொறியாளரைப் பற்றியது. பாலங்கள் முக்கியம்தான் என்று ஒத்துக்கொண்டு, மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பாலக்காரனான எனக்கு அதைப் படித்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

“பேட்டரித் துறையில் மேம்பட்ட ஆராய்ச்சி செய்து அமெரிக்காவின் பசுமை ஆற்றலுக்குப் பங்களிப்பேன்” என்று எழுதியிருக்கிறேன். சரியா சார்?

உங்கள் லேபில் இருக்கிற எல்லோரும் இதே வரியை எழுதலாம், அதுதான் சிக்கல். துறை முக்கியம் என்று சொல்கிறீர்களே தவிர, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய கட்டுரையிலிருந்தே எடுத்து எழுதிப் பார்க்கிறேன்: “மின்சாரச் சேமிப்பு நிலையங்களில் ஒரு செல் சூடேறத் தொடங்கும்போது கசியும் வாயுவைப் பிடித்து, பக்கத்து செல்லுக்குத் தீ பரவும் முன்பே எச்சரிக்கும் சென்சாரை உருவாக்கி, களத்தில் சோதிப்பேன்.” இப்போது அதிகாரிக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இதற்குக் கீழே, சோதனை எங்கே நடக்கும், நிதி எங்கிருந்து வரும், எந்த நிறுவனம் ஆர்வம் காட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். மின்னஞ்சல் ஆதாரம் இருந்தால் அதையும் இணையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார் கைடு. எழுதலாமா?

வரைவு எழுதிக் கொடுப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே குரலில், ஒரே பெயரடைகளோடு இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கைடு கடிதம் ஒன்று போதும். உங்களோடு வேலை செய்யாத ஒருவர், “இவருடைய மாதிரியை எங்கள் சோதனைக்கூடத்தில் இந்த இடத்தில் பயன்படுத்தினோம், இது மாறியது” என்று இரண்டு பத்தி எழுதினால் அதற்குத்தான் மதிப்பு. ‘அபாரமான’, ‘தலைசிறந்த’ எல்லாம் வெட்டிவிடுங்கள்.

ஈபி-1ஏ போடுவதா, என்ஐடபிள்யூவா? பிறந்தது மதுரை.

ஈபி-1ஏ என்பது துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவு. இந்தியாவில் பிறந்தவர் என்றால், முடிந்தால் இரண்டும். கிரீன் கார்டுக்குப் பிறந்த நாடு வாரியாக வரிசை உண்டு; என்ஐடபிள்யூ கிடைத்தாலும் ஈபி-2வில் இந்திய வரிசை பத்து வருடத்துக்கு மேல். ஈபி-1லும் காத்திருப்பு உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. முதலில் அங்கீகாரம் பெற்ற ஐ-140-இன் பிரையாரிட்டி தேதியை (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியை) பின்னால் வரும் ஈபி-1க்கும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் என்ஐடபிள்யூவை இப்போதே போட்டு இடம்பிடித்து வையுங்கள்.

ஈபி-1ஏவில் பத்து அளவுகோலில் மூன்று காட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். மூன்று தேறிய பிறகு, மொத்தத்தையும் வைத்து, நீங்கள் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று தனியாகப் பார்ப்பார்கள். இன்னொன்று: பிறர் கட்டுரையை ரிவ்யூ செய்யச் சொல்லி வந்த அழைப்பு ஆதாரமாகாது, செய்து முடித்ததற்கு ஜர்னல் அனுப்பிய நன்றி மடல் வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், மனைவி திருச்சி. இருவருக்கும் இப்போது இந்தியப் பாஸ்போர்ட். எந்த வரிசை?

பாஸ்போர்ட்டைப் பார்க்க மாட்டார்கள், பிறந்த ஊரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இலங்கைக் கணக்கு, அதாவது இந்திய வரிசைக்கு வெளியே. மனைவியும் உங்களோடு அதே வரிசையில் வரலாம். மனு அவர் பெயரில் இருந்தாலும் உங்கள் பிறந்த நாட்டைக் காட்டலாம். சிங்கப்பூர், மலேசியாவில் பிறந்தவர்களுக்கும் இப்படித்தான். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பத்து வருடம் வித்தியாசம், என்ன நியாயமோ!

போஸ்ட்டாக், ஜே-1 விசா. இரண்டு வருட நிபந்தனை இருந்தால் மனு போட முடியாதா?

ஐ-140 போடலாம், அங்கீகாரமும் வாங்கலாம். கிரீன் கார்டு கட்டத்துக்குப் போகுமுன், சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை நிறைவேற வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று சொல்லி இந்த நிபந்தனையைப் போடும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலால் மட்டும் நிபந்தனை வந்திருந்தால் உங்களுக்கு இனி இல்லை. அரசு நிதியால் வந்ததென்றால் இன்னும் உண்டு.

பிரீமியம் கட்டலாமா? மகனுக்கு 17 வயது.

பிரீமியம், அதாவது மனுவைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லும் கூடுதல் கட்டணம், கட்டினால் ஈபி-1ஏவுக்கு 15 வேலைநாளிலும் என்ஐடபிள்யூவுக்கு 45 வேலைநாளிலும் ஏதாவது ஒரு பதில் வரும். அது கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இயாகவும் இருக்கலாம். வரிசை ஒரு நாள்கூட முன்னே நகராது. உங்கள் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள்: பெற்றோரோடு சேர்ந்து கிரீன் கார்டு வாங்க பிள்ளை 21 வயதுக்குள் இருக்க வேண்டும்; அந்தக் கணக்குப் போடும்போது ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களை மகன் வயதிலிருந்து கழிப்பார்கள். சீக்கிரம் முடித்தால் கழிக்க அதிக நாள் இருக்காது. ஹெச்-1பி வேலை விசாவின் ஆறு வருட வரம்பு முடிகிற அவசரம் இருந்தால் கட்டுங்கள், இல்லையென்றால் சாதாரணமாகவே போட்டுவிடுங்கள்.