தாஜ் மஹால்: ஒரே குடும்பம், நான்கு கட்டணம்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஆக்ரா போகிறோம். நான், கணவர், 16 வயது மகன், 12 வயது மகள். டொரொன்டோவிலிருந்து நாத்தனாரும் அவர் கணவரும் வருகிறார்கள். இருவருக்கும் கனடா பாஸ்போர்ட். நாத்தனாரிடம் மட்டும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. அவர் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய தம்பியும் இலங்கை பாஸ்போர்ட்டில் வந்து சேர்ந்துகொள்கிறார். தாஜ் மஹால் கட்டணம் 50, 250, 540, 1,100, 1,300 என்று பார்க்கும் இடத்திலெல்லாம் வேறு வேறாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு? (மதுரை வாசகி)

பதில்: நீங்கள் பார்த்த ஐந்து தொகைகளும் சரியானவையே. தாஜ் மஹால் டிக்கெட்டில் இரண்டு அலுவலகங்களின் பணம் சேர்ந்திருக்கிறது. ஒரு பங்கு இந்தியத் தொல்லியல் துறைக்கு. மற்றொன்று ஆக்ரா வளர்ச்சிக் குழுமம் வசூலிக்கும் வரி. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தியருக்குத் தொல்லியல் துறைப் பங்கு 40 ரூபாய், குழுமத்தின் வரி 10 ரூபாய், ஆக 50. வெளிநாட்டவருக்கு 600, வரி 500, ஆக 1,100. சார்க், பிம்ஸ்டெக் என்ற கூட்டமைப்புகளில் உள்ள இலங்கை, நேபாளம் போன்ற நாடுகளின் குடிமக்களுக்குத் தொல்லியல் துறை இந்தியர் கட்டணமான 40 ரூபாயையே வாங்குகிறது. குழுமமோ அவர்களையும் வெளிநாட்டவராகவே கணக்கிட்டு 500 வாங்குகிறது. அதனால்தான் 540. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அண்டை நாட்டவருக்கு மத்திய அரசுத் துறை ஒன்று சலுகை தருகிறது. அதே டிக்கெட்டில் உள்ளூர் வரி அந்தச் சலுகையைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு 500 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

இனி உங்கள் குடும்பம். கட்டணத்தைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட். பிறந்த ஊரோ பேசும் மொழியோ அல்ல. நாத்தனாரின் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும் கனடா குடிமகன் என்பதால் 1,100. அவருடைய தம்பிக்கு 540. (மலேசியா, சிங்கப்பூர் உறவினர்கள் யாராவது சேர்வதாக இருந்தால், அவ்விரு நாடுகளும் இந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை, முழுக் கட்டணம்தான்.) நாத்தனார் கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் 50 ரூபாய் போதும். தேசிய நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஓ.சி.ஐ. அட்டைதாரரிடம் இந்தியருக்கான கட்டணமே வாங்க வேண்டும் என்பது மத்திய உள்துறையின் அறிவிக்கை. 2021 மார்ச்சில் வெளியான அறிவிக்கையிலும் இது இருக்கிறது. அசல் அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைபேசியில் உள்ள படத்தை நம்பிப் போக வேண்டாம்.

15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், டிக்கெட் வேண்டாம். மகளுக்கு இலவசம், மகனுக்கு 50. வயதைக் காட்ட மகளின் ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

250, 1,300 என்ற தொகைகள் எங்கிருந்து வந்தன? 2018 டிசம்பரிலிருந்து, ஷாஜஹான், மும்தாஜ் கல்லறை மண்டபத்துக்குச் செல்லத் தனியாக 200 ரூபாய் வாங்குகிறார்கள். மண்டபத்துக்குள் நெரிசலைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இந்த 200 எல்லோருக்கும் ஒன்றுதான். நாலு மடங்கு கூடுதல் என்பதால் நம்மவர்கள் பலர் இதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, தோட்டத்தையும் மண்டபத்துக்கு வெளியே உள்ள கீழ் மேடையையும் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள்.

முதல் தடவை போகிறவர்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தூரத்திலிருந்து வெறும் வெள்ளையாகத் தெரியும் சுவரில் பளிங்கைக் குடைந்து வண்ணக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். அருகில் போனால்தான் பூவும் இலையும் கண்ணுக்குத் தெரியும். சிவப்புக் கல் பதித்த இதழின்மேல் வழிகாட்டி சின்ன டார்ச் விளக்கைப் பிடித்தால், அந்த இதழ் மட்டும் தணல்போல ஒளிரும். அந்த வேலைப்பாட்டைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகவே மகனுக்கும் சேர்த்து 200 ரூபாய் கொடுக்கலாம். உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. அங்கே தெரிவது அடையாளக் கல்லறைகள். உண்மையான கல்லறைகள் அடித்தளத்தில் இருக்கின்றன. ஷாஜஹானின் உருஸ் (நினைவு நாள் விழா) நடக்கும் மூன்று நாட்களில் மட்டும் அவற்றைத் திறப்பார்கள். அப்போது நுழைவும் இலவசம். ஆனால் கூட்டம் தாங்காது, குழந்தைகளோடு போக உகந்த நாட்கள் அல்ல.

ஆக, உங்கள் ஏழு பேருக்கும் தாஜ் மஹால் கவுன்ட்டர் கட்டணம் 1,840 ரூபாய். மகளைத் தவிர்த்த ஆறு பேருக்கு மண்டபக் கட்டணம் 1,200. மொத்தம் 3,040. இணையத்தில் எடுத்தால் இந்தியருக்கு 5 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 50 ரூபாயும் குறையும், வரிசையும் மிச்சம். தொல்லியல் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே சாயலில் தனியார் தளங்கள் பல இருக்கின்றன; சேவைக் கட்டணம் என்று அவை ஏற்றிவைக்கும் தொகை அரசுக்குப் போவதில்லை. புறப்படும் வாரத்தில் கட்டணத்தையும் ஒருமுறை அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை தாஜ் மஹாலுக்கு விடுமுறை. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். 1,100 ரூபாய் டிக்கெட்டில் தண்ணீர் பாட்டிலும் காலணி உறையும் அடக்கம். மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஆக்ரா கோட்டையை அதே நாளில் பாருங்கள். காரணம் இருக்கிறது. அங்கே இந்தியருக்கு 50, சார்க் நாட்டவருக்கு 90, வெளிநாட்டவருக்கு 650. இதில் பின்னிரண்டு தொகையிலும் குழுமத்தின் வரி 50 ரூபாய் அடக்கம். தாஜ் மஹாலில் 500 ரூபாய் வரி கட்டியவர்கள் அன்றைய தினம் கோட்டையிலும் மற்ற சின்னங்களிலும் அந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஆகவே தம்பிக்கு 40, நாத்தனாரின் கணவருக்கு 600. கவுன்ட்டரில் தாஜ் டிக்கெட்டைக் காட்டினால்தான் கழிப்பார்கள், கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஃபதேபூர் சிக்ரி ஆக்ராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே அரண்மனை வளாகத்துக்கு மட்டும்தான் டிக்கெட். புலந்த் தர்வாசா வாயிலும், சலீம் சிஷ்டி தர்கா இருக்கும் பெரிய பள்ளிவாசல் முற்றமும் எல்லோருக்கும் இலவசம். வாசலில் யாராவது நுழைவுக் கட்டணம் என்று கேட்டால், கொடுக்காமல் நேராக உள்ளே போங்கள்.