ரெண்டு டிஸ்க் இருந்தும் பாட்டு கலைஞ்சு போச்சு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

வீட்ல ரெண்டு டிஸ்க் போடற நாஸ் பாக்ஸ் (வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் சேமிக்கற பெட்டி) ஒண்ணு வெச்சிருக்கேன். ரெண்டும் 4 டிபி, மிரர் ரெய்டு, அதாவது ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே எழுதப்படும். என்கிட்ட இருந்த சிடி எல்லாத்தையும் ரிப் பண்ணி ஃப்ளாக்ல (தரம் குறையாம சுருக்கற ஃபார்மேட்) போட்டு நாவிட்ரோம்ங்கற மியூசிக் சர்வர் வழியா கேக்கறேன், ஆயிரத்து சொச்சம் ஆல்பம் இருக்கும். போன வாரம் டேக் எடிட்டர்ல (பாட்டு, பாடகர், ஆல்பம் பேரெல்லாம் ஃபைலுக்குள்ள எழுதற சாஃப்ட்வேர்) எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி ஃபைல் பேரை ஒரே மாதிரி ஆக்கலாம்னு ஒரு பேட்டர்ன் குடுத்தேன், அது தப்பான பேட்டர்ன். பாதி ஆல்பத்துல பாடகர் பேர் இருக்கற இடத்துல ட்ராக் நம்பர் வந்து உக்காந்திருக்கு, ஃபோல்டரெல்லாம் கலைஞ்சு போச்சு. ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணுலயாவது பழசு இருக்கும்னு பாத்தா ரெண்டுலயும் அதே கூத்து. அப்ப மிரர் எதுக்குத்தான் சார் இருக்கு? அதுவுமில்லாம 3 டிபி ரொம்பிடுச்சு, எல்லாத்தையும் எம்பி3 ஆக்கிடலாமா? க்ளவுட்ல போட்டுட்டா கவலை விட்டுதா? ஒன்றரை வருஷம் முன்னாடி எடுத்த ஒரு காப்பி பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கு, அதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள நண்பருக்கு,

மொதல்ல அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நாஸ்ல சொருகி சிங்க் பட்டனை அமுக்கிடாதீங்க, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம். சிங்க் பண்ணா உங்ககிட்ட இருக்கற ஒரே நல்ல காப்பியும் இப்ப இருக்கற குப்பை மாதிரியே ஆயிடும். இன்னொண்ணு, நாஸ்ல ஸ்னாப்ஷாட் (ஃபைலெல்லாம் ஒரு நேரத்துல எப்படி இருந்துதுன்னு பிடிச்சு வெக்கற பதிவு) ஆன்ல இருக்கான்னு பாருங்க. பிட்டிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம்னா அந்த வசதி இருக்கும், சில பாக்ஸ்ல நீங்க கேக்காமலே ஓடிட்டிருக்கும். இருந்துதுன்னா போன வாரத்துக்கு முந்தின நிலைமைக்கு போயிட்டு வந்துடலாம், இந்த பதில்ல பாதிய நீங்க படிக்கவே வேண்டாம்.

மிரர் எதுக்குன்னா, ஒரு டிஸ்க் செத்தா பாட்டு நிக்காம ஓடறதுக்கு, அவ்வளவுதான். 1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் சேந்து ரெய்டு பத்தி எழுதின பேப்பர்லயே பேச்செல்லாம் வேகத்தை பத்தியும் டிஸ்க் பழுதாகறதை பத்தியும்தான். ஓனர் தப்பு பண்ணா என்ன செய்யறதுங்கறது அவங்க எடுத்துக்கிட்ட கணக்கே இல்ல. மூஞ்சில மை பூசிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா கண்ணாடி மட்டும் சுத்தமாவா காட்டும்? நீங்க சேவ் பண்ண அதே நொடியில ரெண்டு டிஸ்க்லயும் சேவ் ஆயிடுச்சு, ரெய்டு அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கு. நமக்கு வேண்டியது நாம இன்னிக்கு என்ன பண்ணோம்னே தெரியாத ஒரு காப்பி, கொஞ்சம் பின்தங்கியே இருக்கற காப்பி. உங்க எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றரை வருஷமா அலமாரியில கிடந்துதே, அந்த சோம்பேறித்தனம்தான் இப்ப உங்களை காப்பாத்தப்போகுது.

இடம் விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம். சிடி தரம்னா கம்ப்ரஸ் பண்ணாமலே நிமிஷத்துக்கு பத்தரை எம்பிதான், ஃப்ளாக் அதை பாதிக்கு கொஞ்சம் மேல கொண்டுவந்துடும், ஒரு ஆல்பம் சராசரியா 300லேர்ந்து 400 எம்பி. ஆயிரம் ஆல்பம்னா 400 ஜிபி. நீங்க 3 டிபி ரொம்பிடுச்சுன்றீங்க, அப்ப மிச்ச ரெண்டரை டிபி எங்க போச்சு? எம்பி3 ஆக்கறதுக்கு முன்னாடி அதை பாருங்க. பெரும்பாலும் ரிப் பண்ணப்போ அழிக்காம விட்ட, கம்ப்ரஸ் பண்ணாத வேவ் ஃபைல், நாஸோட ரீசைக்கிள் பின், அப்புறம் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்னு வாங்கி வெச்ச டவுன்லோடு. அந்த கடைசி சமாச்சாரம் கம்ப்ரஸ் பண்ணலன்னா நிமிஷத்துக்கு 69 எம்பி. அதை 24 பிட் 48 ஆக்கி வெச்சா கண்ணை மூடிட்டு கேட்டு வித்தியாசம் சொல்ற ஆளை நான் பாத்ததில்ல, ஆனா இது என் அபிப்ராயம், சண்டைக்கு வராதீங்க. மாஸ்டர் காப்பிய எம்பி3 ஆக்காதீங்க. ஃப்ளாக்லேர்ந்து எம்பி3 எப்ப வேணா எடுக்கலாம், எம்பி3லேர்ந்து போனதை திருப்பி எடுக்க முடியாது. போனுக்கு வேணும்னா நாவிட்ரோமே ஸ்ட்ரீம் பண்ணும்போது சின்னதாக்கி அனுப்பும்.

பேக்கப்புக்கு என் ஏற்பாடு ரொம்ப சாதாரணம். ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், மாத்தி மாத்தி. ஒண்ணுல காப்பி ஓடும்போது இன்னொண்ணு வேற வீட்ல, சொந்தக்காரங்க அலமாரியில இருக்கும். காப்பி முடிஞ்சதும் கழட்டிடணும், சொருகியே வெச்சா ரான்சம்வேர் (ஃபைலை பூட்டி பணம் கேக்கற வைரஸ்) வந்தாலும் கரன்ட் எகிறினாலும் நாஸும் அதுவும் சேந்தே போகும். எஸ்எஸ்டி வேண்டாம், கரன்ட் இல்லாம வருஷக்கணக்கா சும்மா கிடக்க அது தோதுப்படாது. காப்பி பண்ண ஆர்சிங்க்ங்கற டூல் போதும், ஆனா டெலீட் ஆப்ஷனை (நாஸ்ல இல்லாததை காப்பிலயும் அழிக்கறது) போடறதுக்கு முன்னாடி ஒரு ட்ரை ரன், அதாவது எதையும் மாத்தாத ஒத்திகை, ஓட்டி எத்தனை ஃபைல் அழியப்போகுதுன்னு பாருங்க. நாலு ஃபைல் அழியணும்ங்கற இடத்துல எட்டாயிரம்னு வந்தா கையை எடுத்துடுங்க.

இதுல பலபேருக்கு தெரியாத ஒரு குழி இருக்கு. ஆர்சிங்க் சாதாரணமா ஃபைலோட சைஸும் தேதியும்தான் பாக்கும், உள்ள என்ன இருக்குன்னு பாக்காது. ஃப்ளாக் ஃபைல்ல டேக்குக்குன்னு கொஞ்சம் காலி இடம் விட்டு வெச்சிருப்பாங்க, அதனால டேக்கை மாத்தினாலும் பலசமயம் சைஸ் மாறாது. டேக் எடிட்டர்ல தேதிய மாத்தாதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் (பிகார்ட், எம்பி3டேக்ங்கற ரெண்டு டேக் எடிட்டர்லயும் உண்டு), அதையும் ஆன் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா நீங்க உக்காந்து திருத்தின டேக் எதுவுமே பேக்கப்புக்கு போகாது, எர்ரரும் வராது. ஒண்ணு அந்த ஆப்ஷனை எடுத்துடுங்க, இல்ல அப்பப்ப செக்சம் ஆப்ஷன் (ஃபைலுக்குள்ள இருக்கறதையே ஒப்பிட்டு பாக்கறது) போட்டு ஓட்டுங்க, நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

ஃபைல் பேரை தமிழ்ல வெச்சிருந்தா இன்னும் ரெண்டு தலைவலி. பழைய மேக் ஃபைல் சிஸ்டம் "கொ"ங்கற எழுத்துல இருக்கற குறிய கொம்பு தனி கால் தனின்னு உடைச்சு சேமிக்கும், லினக்ஸ்ல டைப் பண்ணா அது ஒரே குறி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற ஃபைல், மேக்லேர்ந்து காப்பி எடுத்தா ஒரே பாட்டு ரெண்டு தடவை வந்து நிக்கும். அப்புறம் லினக்ஸ்ல ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட்தான், தமிழ்ல ஒரு குறிக்கு மூணு பைட், அதாவது 85 குறி. கொம்பு கால் புள்ளியெல்லாம் தனித்தனி குறின்னு எண்றதால ஐம்பது அறுபது எழுத்துலயே முட்டிக்கும். படம் பேர், பாட்டு முதல் வரி, பாடகர்கள்னு எல்லாத்தையும் ஃபைல் பேர்ல திணிக்காதீங்க, அதுக்குத்தான் டேக் இருக்கு.

நாவிட்ரோமோட டேட்டாபேஸ் ஒரு சின்ன எஸ்க்யூலைட் ஃபைல். ப்ளேலிஸ்ட், ஸ்டார், எத்தனை தடவை கேட்டீங்கங்கறதெல்லாம் அதுலதான் இருக்கு. சர்வர் ஓடும்போது அப்படியே காப்பி எடுத்தா அரைகுறையா வரலாம், நிறுத்திட்டு எடுங்க.

க்ளவுட் மூணாவது காப்பிக்கு நல்லது, ஆனா சிங்க் பண்ற க்ளவுடும் உங்க மிரர் மாதிரியேதான், இங்க அழிச்சா அங்கயும் அழியும், பழைய வெர்ஷனை எத்தனை நாள் வெச்சிருப்பாங்கன்னு பாத்துட்டு சேருங்க. 20 எம்பிபிஎஸ் அப்லோடுல 400 ஜிபி போக நிக்காம ஓடினாலே 44 மணி நேரம் ஆகும், 3 டிபின்னா ரெண்டு வாரம். குப்பைய கழிச்சுட்டு ஏத்துங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

இப்ப உங்க கலைஞ்ச பாட்டு. ஃப்ளாக் ஃபைலுக்குள்ள ஒலிக்கு மட்டும்னு ஒரு எம்டி5 கையெழுத்து (ஒலிய வெச்சு கணக்கு போட்டு எடுத்த அடையாள எண்) இருக்கும், நீங்க பேரை மாத்தினாலும் டேக்கை மாத்தினாலும் அது மாறாது (சில என்கோடர் அதை எழுதாம சைபரா விட்டிருக்கும், அது அபூர்வம்). மெட்டாஃப்ளாக்னு ஒரு டூல், ஃப்ளாக்கோடயே வரும், அதை வெச்சு பழைய டிஸ்க்ல இருக்கற எல்லா ஃபைலோட எம்டி5யையும் அது இருக்கற ஃபோல்டர், ஃபைல் பேரையும் ஒரு லிஸ்ட்டா எடுங்க, நாஸ்லயும் அதே மாதிரி இன்னொரு லிஸ்ட். பழைய டிஸ்க்கை ரீட் ஒன்லியா (படிக்க மட்டும், எதுவும் எழுத முடியாத மாதிரி) மவுண்ட் பண்ணிட்டு இதை செய்ங்க. எம்டி5 ஒத்துப்போற இடத்துலெல்லாம் பழைய பேரையும் டேக்கையும் நாஸ் ஃபைலுக்கு திருப்பி குடுக்கலாம், டேக்கை எக்ஸ்போர்ட் பண்ணி இம்போர்ட் பண்ணவும் அதே டூல்ல வழி இருக்கு. ஒரு ஆல்பத்துல மொதல்ல செஞ்சு பாருங்க, சரியா வந்தா மொத்தத்துக்கும் ஓட்டுங்க. ஒத்துப்போகாம மிஞ்சறது இந்த ஒன்றரை வருஷத்துல சேத்ததுதான், அதை பிகார்ட்ல போட்டா ஒலிய வெச்சே என்ன பாட்டுன்னு தேடும், ஆனா எல்லா ஆல்பமும் அங்க கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, கொஞ்சம் கையாலயும் அடிக்க வேண்டியிருக்கும். ஸ்கிரிப்ட் எழுதறதுல எங்கயாவது மாட்டினா அந்த ரெண்டு லிஸ்ட்லேர்ந்தும் பத்து பத்து வரி காப்பி பண்ணி எனக்கு அனுப்புங்க, பாக்கறேன்.