மூக்குத்தி, முக்காடு, ஞானஸ்நான அங்கி: வாசகர் கேள்வி பதில்

மகள் ஆறு மாதமாக வேறொரு சபைக்குப் போகிறாள். ஞானஸ்நானத்துக்கு முன் தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொல்கிறார்களாம். பாட்டிக்கு இது பெரிய மனவருத்தம். வேதத்தில் அப்படி இருக்கிறதா?
– ஒரு தாய், பண்டாரவளை

பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது 1 பேதுரு 3:3. பின்னல், பொன், உடை மூன்றையும் அந்த வசனம் ஒரே மூச்சில் சொல்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘உயர்ந்த வஸ்திரங்கள்’ என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் ‘உயர்ந்த’ இல்லை, வெறும் உடுத்துதல்தான். பொன்னுக்குத் தடை என்று அதைப் படித்தால் சேலைக்கும் தடை என்றாகிவிடும். புற அழகை நம்பி இருக்காதே என்பதுதான் அங்கே பேச்சு. 1 தீமோத்தேயு 2:9 பொன்னோடும் முத்தோடும் விலையுயர்ந்த உடையையும் சேர்த்தே சொல்கிறது. தோட்டைக் கழற்றிவிட்டு முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டோடு வருகிறவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை!

மறுபக்கம் ஆதியாகமம் 24. ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு அரைச் சேக்கல் பொன் அணியும், பத்துச் சேக்கலில் இரண்டு கடகங்களும் கொடுக்கிறான். அந்த அணியை மூக்கில் போட்டதாக 47ஆம் வசனத்தின் எபிரேய மூலம் சொல்கிறது. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.4 கிராம். நம் கணக்கில் மூக்குத்தி முக்கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு, கடகங்கள் பதினான்கு பவுண்.

ஆனாலும் சபைக்குத் தன் ஒழுங்கை வைக்க உரிமை உண்டு. கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகள் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது நெடுநாள் வழக்கம். உங்கள் மகள் போதகரிடமே நேரில் கேட்கட்டும்: இது ஞானஸ்நானத்துக்கு நிபந்தனையா, இல்லை சபை வழக்கமா? இடையில் இருப்பவர்கள் சொல்வதும் போதகர் சொல்வதும் பல வேளை ஒன்றாக இருப்பதில்லை.

கழற்றுவதென்றே முடிவானால் ஒன்று கவனியுங்கள். பழைய காதுத் துளை வருடக்கணக்கில் கிடக்கும். மூக்குத் துளை சீக்கிரம் சுருங்கும், புதிதாகக் குத்தியதென்றால் சில நாட்களிலேயே மூடிக்கொள்ளும். மனம் மாறக்கூடும் என்று தோன்றினால் நிறமற்ற பிளாஸ்டிக் மூக்குத்தி போட்டு வைக்கலாம். ஈர்க்குச் செருகுவது வேண்டாம், சீழ் பிடிக்கும். கழற்றிய பொன்னை அந்தச் சூட்டிலேயே விற்கவும் வேண்டாம். பாட்டியிடம் இருக்கட்டும்.

ஜனவரியில் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம். வெள்ளைச் சேலை கட்டலாமா?
– வாசகி, தலவாக்கலை

சேலை வேண்டவே வேண்டாம். ஐந்தரை மீற்றர் துணி நனைந்தால் கனத்து இழுக்கும். கொசுவம் அவிழ்ந்து காலில் சுற்றும், கல்லில் வழுக்கும்போது பிடிக்க வருகிறவரையும் சேர்த்து விழுத்தும்.

கணுக்கால் வரை நீண்ட, முழுக்கை அங்கி தையுங்கள். 45 அங்குல அகலத் துணி என்றால் நடுத்தர உயரத்துக்கு மூன்றரை மீற்றர் போதும். வெள்ளைத் துணியைக் கடையில் வாங்கும்முன் ஒரு சாண் துண்டை நனைத்து உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். கைரேகை தெரிந்தால் உடம்பும் தெரியும். அப்படியானால் இரட்டைத் துணியாகத் தையுங்கள், அல்லது கடும் நீலம், அரக்கு நிறத்துக்குப் போங்கள். வெள்ளைதான் வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

தண்ணீரில் இறங்கியதும் அங்கிக்குள் காற்று புகுந்து குடைபோல் மேலே கிளம்பும். இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. கீழ் மடிப்புக்குள் நான்கு இடத்தில் தட்டையான வாஷர் வைத்துத் தைத்தால் கிளம்பாது. உள்ளே கறுப்பு லெகிங்ஸும் டீசேட்டும் இருக்கட்டும்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் கொழுந்தே பனியில் கருகும். ஆகவே வெயில் ஏறிய பிறகு நேரம் கேளுங்கள். கரையேறியதும் ஜெபத்துக்காக ஈரத்தோடு நிற்க வேண்டாம், ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டு துவாய் கொண்டு போங்கள். ஒன்று தலைமயிருக்கு மட்டும்.

பூசைக்கு முக்காடு இப்போது கட்டாயமா?
– வாசகி, டிக்கோயா

1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் (1262ஆம் விதி) பெண்கள் தலையை மூட வேண்டும் என்று இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ஆகவே விருப்பம்தான். சிஃபோன் தலைப்பு வழுக்குகிறதென்றால் கொண்டைக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளிப் குத்துங்கள், உச்சியில் குத்தினால் நிற்காது. 1 கொரிந்தியர் 11 ஆண்களுக்கும் ஒன்று சொல்கிறது: ஜெபத்தில் தலையை மூடாதே. குளிர் காலையில் கம்பளித் தொப்பியோடு பின்வரிசையில் இருக்கும் தாத்தாமாரை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து பறித்துவிட்டு நேரே ஆராதனைக்குப் போனால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.
– வாசகி, மஸ்கெலியா

யாக்கோபு 2:2-4 வாசிக்கச் சொல்லுங்கள். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் அழுக்குடைக்காரனுக்குக் கீழ் இடமும் கொடுக்காதே என்று அங்கே இருக்கிறது. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடுப்பில் கட்டிய படங்கை வெளியே தொங்கவிடுங்கள், காலைக் கழுவி, விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். விரல் கறுப்புக்குத் தேசிக்காய் தேயுங்கள். சட்டையில் பட்ட கொழுந்துக் கறைக்கு முதலில் சவர்க்காரக் கட்டி போடக் கூடாது, கறை இன்னும் இறுகும். பச்சைத் தண்ணீரில் அலசி, தேசிக்காய்ச் சாறு தடவிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு சலவைத் தூளில் தோயுங்கள்.